பானட்டில் ஒரு துளி எண்ணெய்

மூன்றடைப்பு டீக்கடைக்கு எதிரே, நாலுவழிச் சாலையின் ஓரத்தில், டைட்டஸ் ஒரு லாரியை மறித்து நிறுத்தியிருந்தான்.

கார் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பதாம் நாளே பானட்டின் நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி! காரின் நிறத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ‘ஆழ்கடல் நீலம்’. டைட்டஸின் அப்பா வில்சன் முப்பது வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். இந்த நிறத்தில் ஒரு கடலையும் தான் கண்டதில்லை என்று அவர் ஏற்கனவே தெரிவித்திருந்தார். இருந்தாலும் புதுக்கார் புதுக்கார்தானே... அதில் ஒரு புள்ளி விழுந்தால் நெஞ்சில் விழுந்த மாதிரிதானே...

“ஏலே, கீழ எறங்கு! தார்ப்பாய் மூடாம ஜல்லி ஏத்திக்கிட்டு வாரியே, பின்னால வாரவன் மனுசனா, சுவரா?”

லாரியிலிருந்து டிரைவர் கொம்பையா பைய இறங்கினார். அறுபதை ஒட்டிய வயது, வாய் நிறைய வெற்றிலை. பானட்டில் இருந்த புள்ளியைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் லாரியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகுந்த பொறுமையோடு சொன்னார்.

“தம்பி, நான் ஏத்தியிருக்கது வாழைத்தாருவே.”

டைட்டஸ் அப்போதுதான் லாரியை முழுசாகப் பார்த்தான். களக்காட்டு வாழைத்தார்... அடுக்கடுக்காய், பச்சைப் பசேலென்று... ஒரு பொடிக்கல் இல்லை.

பின்வாங்கும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. கூடங்குளம் பக்கத்தில் ஒரு கட்டுமான ஒப்பந்தக் கம்பெனியில் அவன் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தினமும் காலையில் முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி, மைக்கில் பேசுகிறவன். “பாரம் எதுவா இருந்தா என்ன? டயர் இடுக்குல சிக்குன கல்லு தெறிக்கும். தொழில்நுட்பமாப் பாத்தா...”

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

திரும்பினான். பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண். கையில் பாதி குடித்த டீ. மழை வரப்போகிற சாயங்காலத்தில் தாமிரபரணித் தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே... கருப்பும் இல்லாமல், பழுப்பும் இல்லாமல், உள்ளே ஏதோ வெளிச்சம் ஓடுகிற மாதிரி... அந்தக் கண்கள். அவை நேராக வந்தன... வந்துகொண்டே இருந்தன... டைட்டஸ் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

அவை பானட்டில் போய் நின்றன.

“தொடலாமா சார்?” என்று கேட்டாள். பதில் வரும்முன் கட்டைவிரல் நகத்தால் புள்ளியை ஒரு சுண்டு சுண்டினாள். அது உரிந்து அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தாள்.

“மெழுகு. யாராவது மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு காரைக் குனிஞ்சு பாத்தாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காருக்குச் சாமியாரின் மந்திரிப்பு முடிந்ததும், அம்மா மரியம்மாள் மெழுகுதிரியோடு காரை மூன்று சுற்று சுற்றியது டைட்டஸின் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல அவன் கடமைப்பட்டவன் அல்ல.

“கல்லடின்னா குழி விழும் சார். பெயிண்ட் பேந்து தகரம் தெரியும். கடக்கரைக் காத்துக்கு ரெண்டே மாசத்துல துரு பிடிச்சிரும். இது அது இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வண்ணார்பேட்டை சுடர் கார் கேர்ல வேலை பாக்கேன். கல்லு தெறிச்சா பெயிண்ட் பேராம இருக்க கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் ஒட்டுவாங்கல்லா... அதை ஒட்டுதவ நான்தான்.”

கொம்பையா தொண்டையைச் செருமினார். “தம்பி, நான் போலாமா? இல்ல, காயை எண்ணிப் பாத்துட்டுத்தான் விடுவீரா?” ஏறும்முன் ஒரு சீப்புக் காயை வெட்டி டைட்டஸின் கையில் வைத்தார். “மறிச்சதுக்கு வச்சுக்கிடும். பழுக்க நாலு நாளாவும்.”

திருநெல்வேலி பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். முதல் துளிகள் விழுந்தன... ஆழ்கடல் நீலத்தின் மேலே முத்து முத்தாய்... ஒரு கையில் பச்சைக் காயோடு ரோட்டோரத்தில் நின்ற அவனுக்கு, தான் எப்படித் தெரிகிறோம் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமையே வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டான். பெயிண்டின் பாதுகாப்புக்காக, வேறெதற்கும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான்.

கடை முதலாளி நூகு அண்ணாச்சி மேலப்பாளையத்துக்காரர். அத்தர் வாசத்தோடும் அகலமான சிரிப்போடும் வரவேற்றார். “வாங்க வாங்க! காரு மாஷா அல்லாஹ் அம்சமா இருக்கு. இதுக்கு முழு உடம்புக்கும் போட்டுருவோம். கீறல் விழுந்தா வெயிலுபட்டுத் தானா ஆறிக்கிடுத ஃபிலிமு. மனுசத் தோலுக்குக்கூட அந்தத் தரம் கிடையாதுவே!”

உள்ளேயிருந்து துடைத்த கையோடு அவள் வந்தாள். சட்டையில் பெயர் தைத்திருந்தது... ரெனிஷா.

“சார், தெனமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“வீட்டுக்கும் வேலைக்கும். ஆறு கிலோமீட்டர்.”

“இங்கன எப்போ வருவீங்க?”

“மாசத்துக்கு ஒருக்க.”

“அப்போ உங்களுக்கு ஃபிலிமே வேண்டாம். குவாரி லாரிக்குப் பின்னாலயே ஓடுத வண்டிக்குத்தான் அது. மனசு கேக்கலன்னா பானட்டு, பம்பர், பக்கக் கண்ணாடி... முன்பக்கம் மட்டும் போட்டுக்கோங்க. கூரைக்கு எதுக்கு? வானத்துல இருந்தா கல்லு விழுது?”

நூகு அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். இப்படி ஒரு வேலைக்காரியைக் கொடுத்தவனிடம் ஏதோ முறையிட்டார்.

டைட்டஸின் தன்மானம் விழித்துக்கொண்டது. “பாதிப் பாதுகாப்புங்கிறது பாதுகாப்பே இல்ல மேடம். எங்க சைட்ல முதல் பாடமே அதுதான்.”

“தலைக்குத் தொப்பி போடச் சொல்லுவீங்க. காலுக்குமா தொப்பி போடுதீங்க?”

“காலுக்கு ஷூ இருக்கு!”

“காருக்கு டயரு இருக்கு சார்.”

அந்தக் கண்களில் ஒரு சிரிப்பு வந்தது... வெளியே விழாமல் ஓரத்திலேயே நின்றது. அதற்குமேல் தோற்க முடியாது என்று நினைத்தவன், மேலும் தோற்றான். “முழுசுக்கும் போடுங்க. கூரை, கதவு, டிக்கி, எல்லாம்!”

“மூணு நாளு ஆவும்.”

“ஆவட்டும்!”

உண்மையில், ஒரு நாளில் முடிந்திருந்தால் அவன் பெரிதும் வருந்தியிருப்பான்.

மூன்று நாளும் மேற்பார்வையிட வந்தான். திருநெல்வேலி ஜில்லாவில் ஃபிலிம் ஒட்டுகிற ஒரே பெண் ரெனிஷாதான். தென்காசியில் திறக்கப்போகிற புதுக்கடைக்கு அவளைப் பொறுப்பாக அனுப்புவதாக நூகு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். கூட வேலை பார்க்கும் எஸ்றா மட்டும், “பொம்பளைப்பிள்ளைக்கு எதுக்குக் கடைப் பொறுப்பு? ஃபிலிமுக்கு அடியில ஒரு குமிழி வரட்டும், அப்புறம் தெரியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதுவரை அவள் கையில் ஒரு குமிழி வந்ததில்லை.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்... முதலில் ஒரு மருந்து போட்டுப் பெயிண்டைத் துடைப்பாள், ஒரு விரல் ரேகைகூட மிச்சமில்லாமல். பிறகு சோப்புத் தண்ணீரைப் பனி மாதிரித் தெளிப்பாள். அந்த ஈரத்தின்மேல் ஃபிலிமை விரித்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி... கொலுசு போடாத கால், முழங்கை வரை மடித்த கை, நெற்றியில் ஒட்டிய ஒற்றை முடி...

“தரையெல்லாம் ஈரம். வழுக்கும்னு ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கணும்” என்றான் டைட்டஸ், மைக் இல்லாத குறையே தெரியாமல்.

“நாங்க வழுக்கி விழுந்ததில்ல சார்.”

“விபத்து சொல்லிக்கிட்டு வராது. கவனமா காலை இப்படி ஊன்...”

விழுந்துவிட்டான். பாதுகாப்பு மேற்பார்வையாளர், மல்லாக்க, சோப்புத் தண்ணீரில். அவள் கை நீட்டித் தூக்கிவிட்டாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. விட மனமில்லாமல் அவன் இரண்டு வினாடி அதிகம் பிடித்திருந்தான். அவளும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள்... கவனிக்காமலா இருந்தாள்?

மூன்றாம் நாள் பானட். அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது.

காலையில் கிளம்பும்போது மரியம்மாள் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்திருந்தாள். அந்தோனியார் கோயில் விளக்கு எண்ணெய். “மக்கா, ஏற்கனவே போட்ட சிலுவை மழைல போயிட்டு. அவிய ஒட்டுததுக்கு முன்னால நீ நடுவுல ஒண்ணு போட்டுரு. மேல உறை வந்துருச்சுன்னா காருக்கு ஆயுசு முழுக்க மந்திரிப்பு அழியாதுல்லா?” அம்மாவின் தர்க்கத்தில் டைட்டஸுக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை. அருளையும் உறைக்குள் வைத்துப் பாதுகாத்துவிடலாம் என்பது ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளருக்குப் பிடித்துப்போகும் யோசனைதான்.

ரெனிஷா பானட்டைத் துடைத்து முடித்து, கை கழுவப் போன நேரம். மழை இருட்டு. எஸ்றா போனில். டைட்டஸ் கட்டைவிரலை எண்ணெயில் தொட்டான். நடு பானட்டில் ஒரு சின்ன சிலுவை. சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் வந்தாள், தண்ணீர் தெளித்தாள், ஃபிலிமை விரித்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட பூரிப்பில் அவன் நின்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் பெண் பார்க்கப் போனார்கள். இதை அவன் ரெனிஷாவிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவின் ஏற்பாடு. பெண்ணின் அப்பா ஹென்றிக்கு இரண்டு விசைப்படகு. பெண் ஜாய்சியை டைட்டஸ் ஆறு நிமிடம் பார்த்தான். அதில் நாலு நிமிடம் அவள் போனைப் பார்த்தாள்.

வெளியே முற்றத்தில் கார் உச்சிவெயிலில் நின்றது. தண்ணீரெல்லாம் காய்ந்து, ஃபிலிம் எல்லா இடத்திலும் இறுகிப் பிடித்திருந்தது, ஒரே ஓர் இடம் தவிர. எண்ணெய் இருந்த இடத்தில் பசை பிடிக்காமல், ஃபிலிம் லேசாக எழும்பி, வெயிலில் வெள்ளி மாதிரி மின்னிற்று. ஹென்றியின் பெரியம்மாதான் முதலில் பார்த்தாள்.

“ஆண்டவரே... காருல சிலுவை தெரியுது!”

பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஜாய்சியை யாரும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. ஹென்றி நெஞ்சில் கைவைத்தபடி, “இதுக்குமேல என்ன சம்மதம் வேணும் அண்ணாச்சி? மேல இருந்தே உத்தரவு வந்தாச்சு” என்றார். வில்சன் பதிலுக்கு, “முப்பது வருசம் கடல்ல கிடந்தேன். எனக்கு ஒரு தடவை இப்படி ஓர் அடையாளம் காட்டப்படல. எங்க காருக்குக் காட்டியிருக்கு” என்று கண்ணைத் துடைத்தார். ஃபிலிம் ஒட்டக் கொடுத்தபோது, கப்பலுக்கே உறை போடுவதில்லை, காருக்கு எதுக்குலே என்று கத்தியவரும் இவரேதான்.

அம்மா மட்டும் டைட்டஸைப் பார்த்தாள். டைட்டஸ் தரையைப் பார்த்தான்.

திங்கட்கிழமைக்குள் படம் வாட்சப்பில் மூன்று கோயில் பங்குகளைச் சுற்றிவிட்டது. வீட்டு வாசலில் ஆட்கள் வரத்தொடங்கினார்கள். யாரோ பானட்டில் செவ்வந்திப்பூ வைத்தார்கள். பங்குச்சாமி வந்தார், குனிந்து உற்றுப் பார்த்தார், “எண்ணெய் மாதிரில்லா தெரியுது” என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. டைட்டஸ் வேலைக்கு பைக்கில் போய்வந்தான். காரை நகர்த்த அப்பா அனுமதிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், கூட்டத்துக்குப் பின்னால் ரெனிஷா நின்றிருந்தாள். டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பார்த்ததும் அவனுக்குள் என்னவோ துள்ளியது... உடனே அடங்கிவிட்டது. அவள் முகம் அப்படி இருந்தது.

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பூவை ஒதுக்கிவிட்டு, விரலால் ஃபிலிமை அழுத்தினாள். மூக்கை அருகே கொண்டுபோனாள். நிமிர்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எண்ணெய். நான் துடைச்சதுக்கப்புறம் யாரோ தடவியிருக்காங்க. நேத்து ரெண்டு பேரு வண்டியத் திருப்பிக் கொண்டுபோயிட்டாங்க, ‘அந்தப் பிள்ளை ஒட்டுனா குமிழி வருது’ன்னு. அண்ணாச்சி தென்காசிப் பேச்சையே எடுக்க மாட்டேங்காரு.”

அவன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டான்.

அந்தக் கண்கள் நேராக அவன் கண்களுக்குள் வந்தன. மூன்றடைப்பில் எதை எதிர்பார்த்து முடியைச் சரிசெய்தானோ, அது இன்றைக்குக் கிடைத்தது.

“நீங்களா சார்?”

ஒரே ஒரு ‘ஆமா’ போதும். ஆனால் பின்னால் அப்பா, இடுப்பில் கைவைத்து, இரண்டு வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் போனில் படமெடுத்தார்கள். டைட்டஸின் வாயிலிருந்து வேலைப் பழக்கத்தில் ஒரு வாக்கியம் வந்தது.

“அதை... முறைப்படி விசாரிக்கணும்.”

அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மழை வலுத்தது. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் தெருமுனை வரைக்கும் நம்பினான். பிறகு தெருமுனையும் மழையில் தெரியவில்லை...

சனிக்கிழமை அவன் கடைக்குப் போன் செய்தான். கார் கழுவ எப்போது வரலாம் என்று கேட்கிற சாக்கில். எடுத்தது நூகு அண்ணாச்சி. “எப்போ வேணா வாங்க. ரெனிஷாதான் இப்போ கழுவுத வேலை பாக்குது. என்னய்யா செய்ய, மனசு கேக்கல, ஆனா ஊர் வாயை மூட முடியுமா? தென்காசிக்கு எஸ்றா போறான்.”

டைட்டஸ் போனை வைத்தான். எந்த விபத்திலும் அடிபட்டவன் ஒருவன், காரணமானவன் ஒருவன் என்று மைக்கில் அவன் சொல்வதுண்டு. காரணமானவன் வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் அவனை என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஹென்றி வீட்டார் நிச்சயத் தேதி பேச வந்துவிட்டார்கள். வில்சன் அவர்களை முதலில் காருக்குத்தான் கூட்டிப்போனார்.

“அப்பா, அது நான் தடவின எண்ணெய்” என்றான் டைட்டஸ்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் முழுசாகச் சொன்னான். குப்பி, கட்டைவிரல், கை கழுவப் போன நேரம், பசை ஏன் பிடிக்கவில்லை... ஒன்றும் விடவில்லை. மரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “குப்பியை நான்தான் குடுத்தேன்” என்றாள்.

ஹென்றியின் முகம் மலர்ந்தது.

“பாத்தீரா அண்ணாச்சி, மாப்பிள்ளைக்கு எவ்வளவு மனத்தாழ்ச்சி! தன் கைதான்னு சொல்லுதாரு பாரும்!”

“ஏலே, தடவினது நீ. உன் கையை நடத்தினது யாரு?” என்றார் வில்சன்.

டைட்டஸ் திகைத்துப் போனான். உண்மையைச் சொன்னால் எல்லாம் உடைந்துவிடும் என்று ஒரு வாரமாகப் பயந்தவன் அவன். சொல்லிவிட்டான். ஒன்றும் உடையவில்லை. பெரியம்மா அவன் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பானட்டுக்குப் போனான். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஃபிலிமைப் பிடித்து இழுத்தான். அது லேசில் வருவதாக இல்லை. அவள் ஒட்டியதல்லவா! இரண்டு கையாலும், காலை பம்பரில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தான். ‘டர்ர்’ என்று கோணல் மாணலாகக் கிழிந்து வந்தது. சிலுவை இருந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. கைக்குட்டையால் துடைத்தான். நீலம். வெறும் நீலம்.

“தேதியை... பெறவு பேசிக்கிடுவோம்” என்றார் ஹென்றி. செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

வில்சன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் கவிழ்ந்தால்கூட அவர் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். மரியம்மாள் மகனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“யாருக்காவலே இம்புட்டும்?”

“அதை ஒட்டினவளுக்காவ. என்னால கெட்ட பேரு வாங்கிட்டாம்மா.”

“பேரென்ன?”

“ரெனிஷா.”

அம்மா கிழிந்த ஃபிலிமைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “எந்தப் பங்கு?”

மறுநாள் விடுப்புப் போட்டான். பானட்டின் ஒரு பக்கம் ஃபிலிம் கிழிந்து தொங்க, நாலுவழிச் சாலையில் அது கொடி மாதிரிப் படபடக்க, ஆழ்கடல் நீலம் வண்ணார்பேட்டைக்கு வந்துசேர்ந்தது. நல்ல மழை. கடையின் தகரக் கூரையில் பேச்சுக் கேட்காத அளவுக்குச் சத்தம்.

ரெனிஷா பின்கட்டில் ஒரு வேனின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பானட்டைப் பார்த்தாள். “யாரு உரிச்சா இதை? கழுதை கடிச்ச மாதிரி!”

“நான்தான்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நூகு அண்ணாச்சியிடம் கொடுத்தான். கம்பெனியில் விபத்து நடந்தால் எழுதுகிற அறிக்கைத் தாள். இரவல் வாங்கிய மூக்குக்கண்ணாடியோடு அண்ணாச்சி அதை உரக்க வாசித்தார். எஸ்றாவும் வந்து நின்றான்.

“சம்பவம், பானட்டின் நடுவில் ஃபிலிம் ஒட்டாமை. காரணம், துடைத்து முடித்த பெயிண்டில் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாமல் எண்ணெய் தடவியது. ஒட்டியவரின் தவறு, இல்லை. நேரில் கேட்டபோது வாடிக்கையாளர் மழுப்பினாரா, ஆம். கையொப்பம்...” அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார். “இதை எல்லாருக்கும் காட்டலாமாவே?”

“எங்க ஊரு குரூப்ல காலைலயே போட்டுட்டேன். உங்க கடை வாசல்லயும் ஒட்டுங்க.”

நூகு அண்ணாச்சி எஸ்றாவைப் பார்த்தார். எஸ்றா கூரையைப் பார்த்தான். “எஸ்றா, தென்காசிக்கு எடுத்து வச்ச பையைப் பிரிச்சிரு. அந்தப் பிள்ளைதான் போவுது” என்றவர், தாளை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். “இருங்க, கீழ ஒரு வரி இருக்கு. துணைக் காரணம், மேற்பார்வையிட வந்த மூன்று நாளும் வாடிக்கையாளரின் கவனம் காரில் இல்லை... காருல இல்லன்னா பெறவு எங்கனவே இருந்திச்சு?”

ரெனிஷா வந்து அந்தத் தாளை வாங்கினாள். வாசித்தாள். காது நுனி சிவந்தது... ஆனால் குரல் அப்படியேதான் இருந்தது.

“இந்தக் கடைசி வரியை அடிங்க.”

டைட்டஸின் முகம் விழுந்துவிட்டது. பேனாவை எடுத்தான்.

“அறிக்கைல எழுதுத விசயமா அது? வாயால சொல்லணும்.”

அண்ணாச்சி எஸ்றாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்கடைக்குப் போனார். கதவு மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.

முந்நூறு பேருக்கு மைக்கில் பேசுகிறவன் வாயைத் திறந்தான். தகரத்தில் மழை கொட்டியது. அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

“கேக்கல” என்றாள் அவள்.

பக்கத்தில் வந்தான். “அன்னைக்கு எங்க ஊருல, நீங்க கண்ணைப் பாத்துக் கேட்டீங்க. ஆமான்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஊரு முன்னால சின்னவனாத் தெரிஞ்சிருவேனோன்னு நெனைச்சேன். அப்புறம் உங்க முன்னால அதைவிடச் சின்னவனாயிட்டேன்... மன்னிச்சிருங்க.” மூச்சு வாங்கினான். “நான் காரைப் பாக்க வரல. மூணு நாளும் உங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, ரெனிஷா... உங்களைக் கட்டிக்கிடணும்னு ஆசை.”

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை கண்களில் இருந்த சிரிப்பு ஓரத்தில் நிற்கவில்லை... மெல்ல இறங்கி, உதடு வரைக்கும் வந்தது.

“ஊரு முன்னால கிழிச்சீங்களா?”

“ஆமா.”

“பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாலயுமா? எல்லாம் கேள்விப்பட்டேன்... வாட்சப் உங்க ஊருக்கு மட்டுமா வரும்?”

“அவங்க முன்னாலதான்.”

அவள் வேன் பக்கத்தில் கிடந்த வெந்நீர் வாளியைத் தூக்கிவந்து காருக்கருகே வைத்தாள். பானட்டில் தொங்கிய ஃபிலிமின் ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மறுநுனியைக் கண்ணால் காட்டினாள்.

“மீதியை உரிக்கணும். ஒத்த ஆளால முடியாது” என்றாள். “போங்க... சோப்புப் போட்டு நல்லாக் கையைக் கழுவிட்டு வாங்க.”